குழாய்க்கு ஒரு திட்டிவாசல்

திருவண்ணாமலையில் வசிப்பவர்களுக்கு ஒரு பெரும் பாக்கியம் உண்டு. அதே காரணத்தினால் ஒரு சிறு சங்கடமும் உண்டு. கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு வீட்டு மொட்டைமாடியில் நின்றபடியே மலையுச்சியில் ஜோதி தோன்றுவதைத் தரிசிக்கலாம் என்பது பாக்கியம். அந்த மொட்டைமாடி நமக்கு இருக்கிறதென்று உறவினர் அனைவருக்கும் தெரியும் என்பது சங்கடம்.

சில வருஷங்களுக்கு முன் வந்த தீபத்தின்போது எங்கள் வீட்டில் விருந்தாளிகள் இருபத்திரண்டு பேர். தீபத்துக்கு முதல் நாள் விடியற்காலையிலேயே வந்து இறங்கிவிட்டார்கள். பிரயாண அலுப்புத் தீர எல்லாரும் ஸ்நானம் செய்தார்கள். மாடித் தொட்டி காலியாயிற்று. நான் போய் மோட்டாரைப் போட்டேன். கீழே 'உர்' என்று சத்தம் கேட்டது. மேலே தொட்டியில் ஒரு சொட்டும் விழவில்லை. சற்று நேரத்தில் கிணற்றடிப் பக்கம் 'டப்' என்று ஒரு வெடி. ஓடிப் போய்ப் பார்த்தால் குழாயின் மூட்டு ஒன்று விட்டுப்போய், தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீறிட்டுக்கொண்டிருந்தது. குழந்தைகள் மட்டும் கைகொட்டி ரசித்தார்கள்.

காரணம் உடனே விளங்கிவிட்டது. ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாருக்கும் மாடித் தொட்டிக்கும் நடுவில், உப்புத் தண்ணீரை மென்னீராக்கும் யந்திரம் ஒன்றை அதற்கு எட்டு மாதம் முன்புதான் வைத்திருந்தோம். அதன் தலையிலுள்ள பலவழி வால்வின் கைப்பிடி, முந்திய இரவு உப்பேற்றும்போது பாதி வழியில் சிக்கி நின்றுவிட்டது. யந்திரம் நின்றால் வீடும் நிற்க வேண்டியதுதான் என்கிற விதத்தில் குழாயை அமைத்திருந்தார்கள். தண்ணீருக்குப் போக வேறு வழி கிடையாது. தீபத் திருநாளில், ஊருக்கு வெளியிலேயே பஸ்களை நிறுத்திவிடுகிற கூட்டத்தில், குழாய் வேலைக்காரரை எங்கே போய்த் தேடுவது? அண்டை வீட்டார் புண்ணியத்தில் குடம் குடமாகச் சுமந்து இரண்டு நாளைத் தள்ளினோம்.

அன்று மாலை மலையில் தீபம் தெரிந்தபோது எல்லாரும் "அரோகரா!" என்று கைகூப்பினார்கள். என் தாயார் மட்டும் கும்பிட்டு முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏம்ப்பா, அவ்வளவு பெரிய கோபுரத்தைக் கட்டினவன்கூடப் பெரிய கதவு சாத்தியிருந்தால் நுழைய ஒரு திட்டிவாசல் வைத்தானே! நீ படித்தவன், இந்தக் குழாய்க்கு ஒன்று வைக்கக்கூடாதா?" என்று கேட்டாள்.

கல்லூரியில் ரசாயனம் பயின்று, பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாக அதையே போதித்துவரும் எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. தாயார் கேட்ட அந்தத் திட்டிவாசலைத்தான் குழாய் வேலைக்காரர்கள் 'பைபாஸ் வால்வு' என்கிறார்கள். என்னைப் போல் வெள்ளம் வந்த பிறகு அணை தேடாமல், முன்னதாகவே நேயர்கள் விழித்துக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உப்பு இல்லாத உப்புத் தண்ணீர்

நம் ஊர் கருங்கல் பூமி. இந்தப் பாறைக்குள் தண்ணீர் புகுந்து தங்க இடம் அதிகம் இல்லை. மேலே சிதைந்த கல்லடுக்கிலும், கீழே பாறை வெடிப்புகளிலுமாகத்தான் அது ஒளிந்திருக்கிறது. மழை நீர் மண்ணில் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு சிறிதே புளிப்பேறுகிறது. அந்தப் புளிப்பு, கல்லிலும் சுண்ணாம்புக் கட்டிகளிலும் உள்ள கால்ஸியத்தையும் மக்னீஸியத்தையும் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. ஆழத்தில் நெடுநாள் அடைபட்டுக் கிடந்த தண்ணீரில் இவை மிகுந்திருக்கின்றன. இதைத்தான் சாஸ்திரத்தில் கடின நீர் என்றும், வீட்டில் உப்புத் தண்ணீர் என்றும் சொல்லுகிறோம். நாம் சமையலில் போடும் உப்புக்கும் இந்தக் கடினத்துக்கும் சம்பந்தமில்லை.

இதன் குணங்களை வீட்டுப் பெண்மணிகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காமல் தயிர்போல் திரியும். தலைமயிர் நார் நாராகும். வாளியில் வெள்ளைக் கறை படியும். வெந்நீர்ப் போடும் மின்சாரக் கம்பியின்மேல் சுண்ணாம்புச் சட்டை ஏறி, தண்ணீர் சுடுவதற்கு முன் மின்சாரக் கணக்குச் சுட்டுவிடும்.

கடினத்தை அளக்க ஒரு முறை உண்டு. லிட்டர் ஒன்றுக்கு இத்தனை மில்லிகிராம் கால்ஸியம் கார்பனேட்டுக்குச் சமம் என்று சொல்வார்கள். இந்தியத் தர நிர்ணயம் 2012-ஆம் வருஷத்தில் வகுத்த விதிப்படி, குடிநீரில் இது 200-க்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் கிணற்று நீரைச் சோதித்தபோது 500 என்று வந்தது. அதாவது, குடித்தால் தீங்கில்லை, குளித்தால் நிம்மதியில்லை என்கிற ரகம்.

முள்ளை முள்ளால் எடுப்பது

இந்த நீரை மென்னீராக்கும் யந்திரத்துக்குள் மாய வித்தை ஒன்றுமில்லை. உயரமான ஓர் உருளையில் 'ரெசின்' எனப்படும் செயற்கைப் பிசின் மணிகள், கேழ்வரகை நிரப்பினாற்போல் நிரம்பியிருக்கும். ஒவ்வொரு மணியும் ஸோடியத்தைப் பற்றிக்கொண்டிருக்கும். கடின நீர் அதன் வழியே செல்லும்போது, மணிகள் கால்ஸியத்தையும் மக்னீஸியத்தையும் வாங்கிக்கொண்டு, ஒன்றுக்கு இரண்டாக ஸோடியத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. நாளடைவில் கையிலுள்ள ஸோடியம் தீர்ந்துபோகும். அப்போது கல்லுப்பைக் கரைத்த நீரை உள்ளே செலுத்தினால், மணிகள் வாங்கியதையெல்லாம் சாக்கடையில் உதறிவிட்டுப் பழையபடி ஸோடியம் ஏற்றிக்கொள்கின்றன. உப்புத் தண்ணீரின் குற்றத்தை உப்பைக் கொண்டே போக்குகிற வேடிக்கை இது.

இந்தக் கொடுக்கல் வாங்கலை முதன்முதலில் கவனித்தது தண்ணீர்க் குழாயில் அல்ல, வயலில். இங்கிலாந்தில் தாம்ஸன் என்ற விவசாயப் பிரமுகரும், ஜான் தாமஸ் வே என்ற ரசாயன சாஸ்திரியும் 1850-ஆம் வருஷத்தில், உரத்தின் அம்மோனியாவை மண் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சுண்ணாம்பை விடுகிறது என்று எழுதினார்கள். 1905 வாக்கில் ஜெர்மனியில் ராபர்ட் கான்ஸ் என்பவர் அதே தத்துவத்தைக் கொண்டு தண்ணீரை மென்மையாக்கினார். 1935-இல் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்ற இரு ஆங்கிலேயர்கள் செயற்கைப் பிசினுக்கும் இக்குணத்தை ஏற்றலாம் என்று காட்டினார்கள். இன்று நம் வீட்டுப் பின்கட்டில் நிற்கும் உருளை அந்த வம்சத்தில் வந்ததுதான்.

மூன்று வால்வுகளின் கதை

தீபம் முடிந்து மூன்றாம் நாள், அறுபது வயதைக் கடந்த ஒரு குழாய் வேலைக்காரர் வந்து பார்த்தார். யந்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "வாத்தியாரய்யா, ஏரி வெட்டுகிறவன் கலிங்கு வைக்காமல் விடுவானா? இதை வைத்தவர்கள் மூணு வால்வுக் காசை மிச்சம் பிடித்திருக்கிறார்கள்" என்றார். ஏரி நிரம்பினால் உபரி நீர் கரையை உடைக்காமல் கலிங்கு வழியே போய்விடும். அந்த அறிவு நம் நாட்டுக் கிராமத்தானுக்கு நெடுங்காலமாக உண்டு. அதை ஒன்றரை அங்குலக் குழாய்க்குப் பிரயோகிக்கத்தான் எனக்குத் தெரியவில்லை.

அமைப்பு மிகவும் எளிது. மோட்டாரிலிருந்து வரும் குழாயில் ஒரு 'டீ'த் துண்டு. மாடிக்கு ஏறும் குழாயில் இன்னொரு 'டீ'த் துண்டு. இரண்டுக்கும் இடையே நேர்க்குழாய். அதன் நடுவில் ஒரு வால்வு, இதுதான் திட்டிவாசல். முதல் 'டீ'யிலிருந்து யந்திரத்துக்குப் போகும் கிளையில் ஒரு வால்வு, அது உள்வாசல். யந்திரத்திலிருந்து இரண்டாவது 'டீ'க்குத் திரும்பும் கிளையில் மற்றொரு வால்வு, அது வெளிவாசல். யந்திரம் வேலை செய்யும் காலத்தில் உள்வாசலும் வெளிவாசலும் திறந்திருக்கும், திட்டிவாசல் மூடியிருக்கும். யந்திரம் பழுதானால் திட்டிவாசல் திறக்கும், மற்ற இரண்டும் மூடும். தண்ணீர் யந்திரத்தைத் தொடாமல் நேரே மாடிக்குப் போய்விடும். அது உப்புத் தண்ணீர்தான், ஆனாலும் தண்ணீர்!

சாமான்களின் பட்டியலை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். "பால் வால்வு மூன்று" என்றதும், திண்ணையிலிருந்த என் தாயார், "பால் எதற்கு? தண்ணீர் வந்தாலே போதும்" என்றாள். உள்ளே துளையிட்ட உருண்டை ஒன்று சுழலுவதால் அந்தப் பெயர். கைப்பிடி குழாயோடு ஒரே போக்கில் நின்றால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது என்று கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். இவற்றோடு 'டீ' இரண்டு, வளைவு இரண்டு, கழற்றிப் பூட்டக்கூடிய 'யூனியன்' இரண்டு, வெளிவாசலுக்கு முன்னால் தண்ணீரைச் சோதிக்க ஒரு சிறு குழாய். வளைவுகளின் எண்ணிக்கை இடத்தைப் பொறுத்து மாறும். யூனியனை மறந்தால் பின்னால் யந்திரத்தைக் கழற்றும்போது குழாயை அறுக்க வேண்டிவரும்.

அவர் வேலை செய்த முறையைக் கவனித்ததில் சில விஷயங்களைக் கற்றேன். முதலில் மோட்டாரின் மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்தினார். குழாயிலிருந்த தண்ணீரை முழுதும் வடித்தார். பின்னர் எல்லாத் துண்டுகளையும் பசை போடாமல் தரையில் பொருத்திப் பார்த்து, கரிக்கோடு இட்டுக்கொண்ட பிறகே அறுத்தார். அறுத்த விளிம்பில் நிற்கும் பிசிறைச் சீவி, ஈரத்தைத் துடைத்தார். கடைக்காரர் 'சொல்யூஷன்' என்று கொடுக்கும் பசையை இரு பக்கமும் மெல்லியதாகத் தடவி, குழாயை உள்ளே அழுத்திக் கால் சுற்றுத் திருகி, அரை நிமிஷம் விடாமல் பிடித்தார். மரை உள்ள இடங்களில் பசை கூடாது. அங்கே வெள்ளை டேப்பைத் திருகும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால் திருகத் திருக அது பிரிந்துவிடும்.

"இப்போது மோட்டார் போடலாமா?" என்று கேட்டேன்.

"அவசரப்பட்டால் மறுபடியும் குழந்தைகளுக்கு வேடிக்கைதான். ராத்திரி காயட்டும் ஐயா" என்றார்.

மறுநாள் திட்டிவாசலை மட்டும் திறந்து முதலில் தண்ணீர் விட்டார். குழாய்க்குள் கிடந்த சீவலும் தூசியும் ரெசின் மணிகளுக்குள் போகாமல் அடித்துக்கொண்டு போயின. அப்புறமே யந்திரத்துக்கு மெதுவாகத் தண்ணீரைத் திருப்பினார். கிணற்றைச் சுத்தம் செய்த பிறகு கலங்கலாக வரும் தண்ணீரையும் இப்படியே வெளியேற்றிவிட வேண்டும் என்றார்.

போகும்போது ஒரு விதியை என் மகனைக் கொண்டு சுவரில் எழுதி வைக்கச் சொன்னார்: "முதலில் திட்டிவாசலைத் திற, பிறகு மற்ற இரண்டை மூடு." திரும்ப மாற்றும்போது, முதலில் அந்த இரண்டைத் திறந்து, கடைசியில்தான் திட்டிவாசலை மூட வேண்டும். ஒரு கணமாவது மூன்றும் மூடியிருக்க, மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்தால், அன்று நேர்ந்த கதிதான் மறுபடியும் நேரும். மோட்டாரை நிறுத்திவிட்டு வால்வில் கை வைப்பது எல்லாவற்றிலும் உத்தமம்.

தாயாரின் உப்பில்லாப் பத்தியம்

இத்துடன் கதை முடிந்திருந்தால் இது வெறும் குழாய்க் கதை. இனிச் சொல்லப்போவதுதான் என்னைக் கட்டுரை எழுதத் தூண்டியது.

என் தாயாருக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. வைத்தியர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார். அவளும் ஊறுகாயைத் துறந்தாள், அப்பளத்தைத் துறந்தாள், ரசத்தில் பேருக்கு உப்புப் போட்டு முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள். எங்கள் வீதிக்குச் சாத்தனூர் அணைத் தண்ணீர் வரும் நாட்களில் அதையே குடிப்போம். தென்பெண்ணையின் குறுக்கே 1958-இல் கட்டி முடித்த அந்த அணை, எங்கள் ஊர்ப் பருப்பை வேகவைக்கும் அணை. ஆனால் அது வராத நாட்களில், யந்திரம் வந்த பிறகு, மென்னீரைத்தான் காய்ச்சிக் குடித்துவந்தோம். பருப்பு அதில் பூப்போல் வெந்ததால் என் மனைவிக்கும் பரம திருப்தி.

ஒரு நாள் வைத்தியர், "அம்மா என்ன தண்ணீர் குடிக்கிறார்?" என்று கேட்டார். விடையைச் சொன்னவுடனே என் ரசாயன அறிவு என்னைச் சுட்டது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். கடினம் 100 மில்லிகிராம் போனால் அந்த இடத்தில் சுமார் 46 மில்லிகிராம் ஸோடியம் வந்து அமர்கிறது. எங்கள் தண்ணீரில் 500 போகிறது. ஆகவே லிட்டருக்கு 230 மில்லிகிராம். இரண்டு லிட்டர் குடித்தால் 460. உலக சுகாதார ஸ்தாபனம் வயது வந்தவர்களுக்கு நாள் ஒன்றுக்கு 2000-க்குள் இருக்க வேண்டும் என்கிறது. அதில் ஏறக்குறைய கால் பங்கைத் தண்ணீரிலேயே கொடுத்திருக்கிறேன்! காய்ச்சினாலும் ஸோடியம் போகாது. உப்பாகக் கணக்கிட்டால் தினம் ஒரு கிராமுக்குச் சற்று மேல். தாயாரின் வாயிலிருந்து நான் பிடுங்கிய உப்பை, நானே அவள் செம்பில் கரைத்து வைத்திருந்தேன்.

கொதிப்புக்கு இதுதான் காரணம் என்று வைத்தியர் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் உப்பைக் குறைக்க வேண்டிய ஒருவருக்கு அதைக் கொடுக்கலாகாது என்பது நிச்சயம்.

ஆகவே குழாய் வேலைக்காரரை மறுபடியும் அழைத்தேன். முதல் 'டீ'க்கும் முன்னாலேயே ஒரு கிளை பிரித்து, யந்திரத்தில் சேராத கிணற்று நீரைக் கிணற்றடித் தொட்டிக்குக் கொண்டுவந்தோம். சாத்தனூர்த் தண்ணீர் வராத நாட்களில் அதையே காய்ச்சி, ஆறவைத்து, அடியில் படியும் சுண்ணாம்பைக் கலக்காமல் தெளிவை இறுத்துக் குடிக்கிறோம். காய்ச்சும்போது கடினத்தில் ஒரு பகுதி இப்படிப் படிந்துவிடுகிறது. பருப்புக்குச் சற்று அதிக நேரம் பிடிக்கிறது. என் மனைவி முதலில் ஆட்சேபித்தாள். கணக்கைக் காட்டியதும் மறு பேச்சுப் பேசாமல் குக்கருக்கு இரண்டு விசில் கூட்டிவிட்டாள்.

செடி கொடிகளுக்கும் அந்தத் தொட்டித் தண்ணீர்தான். மென்னீரைக் குடித்த எட்டு மாதத்தில் எங்கள் கறிவேப்பிலை வெளுத்துப்போயிருந்தது. பாத்தி மண் இறுகி, ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் தேங்கி நின்றது. களிமண்ணில் ஸோடியம் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். கால்ஸியம் உள்ள கிணற்று நீரே அதற்கு மேல்.

இதில் வேறொரு லாபமும் கிடைத்தது. எங்கள் உருளையில் 25 லிட்டர் ரெசின் இருக்கிறது. ஒரு முறை உப்பேற்றச் சுமார் 3 கிலோ உப்பு வேண்டும். அதைக் கொண்டு ஏறக்குறைய 2500 லிட்டரை மென்னீராக்கலாம். தோட்டம், முற்றம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 800 லிட்டர் போனபோது மூன்று நாளைக்கு ஒரு முறை உப்பேற்றினேன்; மாதம் 30 கிலோ. இப்போது குளிக்க, துவைக்க, வெந்நீருக்கு என்று 500 லிட்டர்தான் அதன் வழியே போகிறது. ஐந்து நாளைக்கு ஒரு முறை. மாதம் 18 கிலோ. மிச்சமாகும் 12 கிலோவின் விலையைவிட, அது சாக்கடையில் இறங்காதது பெரிது. ஒரு வீட்டு உப்பு ஒன்றும் செய்யாது. வீதி முழுவதும் உப்பைக் கொட்டினால் அது ஊர் நிலத்தில்தான் போய்ச் சேரும். நிலத்தடி நீரைக் குறை சொல்லிக்கொண்டே அதில் உப்பைச் சேர்ப்பது நமக்கு அழகல்ல.

ஓர் எச்சரிக்கை

திட்டிவாசல் வைத்துவிட்டால் மட்டும் போதாது. அது சரியாக மூடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். வால்வு சற்றே விட்டுக்கொடுத்தாலும் உப்புத் தண்ணீர் யந்திரத்தைச் சுற்றிக்கொண்டு மாடிக்குப் போய்விடும். நாம் ரெசினைத் திட்டி, புது ரெசின் வாங்கப் புறப்பட்டுவிடுவோம். சந்தேகம் வந்தால் சிறிது சோப்புக் கட்டியை வெந்நீரில் கரைத்துக்கொண்டு, ஒரு பாட்டிலில் பாதியளவு தண்ணீர் பிடித்து, அதில் சில துளி விட்டுக் குலுக்கிப் பாருங்கள். நுரை நின்றால் மென்னீர். வெண்மையாகத் திரிந்தால் கடின நீர். சோதனைக் குழாய்த் தண்ணீர் நுரைத்து, மாடித் தொட்டியில் விழும் தண்ணீர் திரிந்தால் குற்றவாளி திட்டிவாசல்தான். துணி துவைக்கும் பவுடரைக் கொண்டு இந்தச் சோதனை செய்யாதீர்கள். அது எந்தத் தண்ணீரிலும் நுரைக்கும். அன்றியும், மாதம் ஒரு முறை மூன்று வால்வுகளையும் திறந்து மூடி வையுங்கள். அசைக்காத வால்வு சுண்ணாம்பு பிடித்து, வேண்டிய நாளில் அசையாது.

சென்ற மாசி மாதத்தில் நான் பள்ளிக்கூடம் போயிருந்த சமயம் யந்திரம் மறுபடியும் மக்கர் செய்தது. சாயங்காலம் பதறிக்கொண்டு வந்தேன். மாடித் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. சுவரில் எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்து, எழுபத்தாறு வயதான என் தாயாரே நடுக் கைப்பிடியைத் திருப்பியிருக்கிறாள். திறக்கத் தெரிந்துகொண்டவளுக்கு மோட்டாரை நிறுத்தத்தான் தோன்றவில்லை!

இந்த வருஷத் தீபத்துக்கு வரலாமா என்று விசாரித்து உறவினர்கள் இப்போதே போன் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். தாராளமாக வரலாம் என்று சொல்லிவிட்டேன்.